தேடுவோரைத் தேடும் கடமை: அமெரிக்காவின் தலைசிறந்த கல்விக்கூடங்களும் வெள்ளையரல்லாத மாணவர்களும்

ஹூஸ்டன் நகரில் அஞ்சல்காரராகப் பணியாற்றிய ஹீமன் ஸ்வெட் என்னும் கறுப்பினத்தவர், 1946ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அவருடைய தகுதியைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பவில்லை. அவருடைய நிறமே தடையாக அமைந்தது. அவர் வழக்குத் தொடுத்தபோது மாநில அரசு ஓர் உபாயத்தைக் கையாண்டது. கறுப்பினத்தவருக்கெனத் தனியானதொரு சட்டக் கல்லூரியை அவசரமாக ஏற்படுத்தி, அங்கே சென்று பயிலுமாறு கூறியது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. ஆசிரியர் தொகை, நூலகத்திலுள்ள நூல்கள் ஆகியவற்றில் மட்டுமன்றி, எண்ணிக்கைக்குள் அடங்காத சிறப்புகளிலும் இரு கல்லூரிகளும் சமமானவையல்ல என்று அது சுட்டிக்காட்டியது. ஆசிரியர்களின் புகழ், பழைய மாணவர்களின் செல்வாக்கு, சமுதாயத்தில் அந்நிறுவனம் பெற்றிருக்கும் மதிப்பு ஆகியன அச்சிறப்புகளாகும்.

ஒரு கல்விக்கூடத்தைத் தலைசிறந்தது என்று நாம் சொல்வதன் பொருளை இத்தீர்ப்பு தெளிவாக விளக்கிவிடுகிறது. அங்குப் பயில்வோர் பாடங்களை மட்டும் பெற்றுக்கொள்வதில்லை. ஆட்சி, நீதி, மருத்துவம், வணிகம் ஆகிய துறைகளின் தலைமைக்குச் செல்லும் பாதையையும் பெற்றுக்கொள்கின்றனர். ஆகவே அவ்வாயில் யாருக்குத் திறக்கிறது என்பது ஒரு சில ஆயிரம் மாணவரின் தனிப்பட்ட நலன் சார்ந்த வினாவன்று. ஒரு நாட்டின் தலைமை எந்த மக்களிடமிருந்து தோன்றும் என்னும் வினாவாகும்.

கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வழியினர், அமெரிக்கப் பழங்குடியினர், ஆசிய வழியினர் ஆகிய வெள்ளையரல்லாத மக்கள் அனைவரையும் 'நிறமுடைய மக்கள்' என்னும் பொதுப்பெயரால் அமெரிக்கர் குறிப்பிடுவர். பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த பின்னர், அம்மக்களுக்கு எதிரான சட்டத் தடைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஆயினும் பெரும் பல்கலைக்கழகங்களில் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் தம் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் இடம்பெறவில்லை. சட்டம் விலகிய இடத்தில் வேறு எது தடையாக நின்றது?

அரபு மொழியில் மாணவனை 'தாலிப்' என்பர். தேடுவோன் என்பது அதன் நேர்ப்பொருள். கல்வியைத் தேடிச் செல்வது மாணவனின் கடமை என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் தேடுவோனுக்கு வழியே தெரியாதபோது, அவனைத் தேடிச் செல்லும் கடமை கல்வி நிறுவனத்துக்கும் உண்டு. கடந்த அறுபது ஆண்டுகால அமெரிக்க அனுபவத்தை ஆராய்ந்தால், திறமை பற்றாக்குறையாக இருந்ததைக் காட்டிலும் தேடல் பற்றாக்குறையாக இருந்ததே முதன்மையான காரணம் என்பது புலப்படும். அத்தேடல் நான்கு கட்டங்களில் நிகழவேண்டியிருக்கிறது: திறமையைக் காணுதல், அதனை ஆயத்தப்படுத்துதல், விண்ணப்பிக்கச் செய்தல், சேர்ந்த பின்னர் நிலைக்கச் செய்தல்.

காணப்படாத திறமை

பின்னாளில் மால்கம் எக்ஸ் என்று உலகறிந்தவர், மிச்சிகன் மாநிலத்தின் மேசன் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பயின்றபோது வகுப்பின் முன்னணி மாணவர்களுள் ஒருவராக விளங்கினார். வெள்ளையர் நிறைந்த அவ்வகுப்பின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்கறிஞராக வேண்டும் என்று அவர் தம் ஆசிரியரிடம் கூறியபோது, அது கறுப்பினத்தவருக்கு நடைமுறைக்கு ஒத்த ஆசையன்று என்றும் தச்சுத் தொழிலை எண்ணிப் பார்க்கலாம் என்றும் அவர் அறிவுரை கூறினார். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்று நூலில் மால்கம் இதனைத் தம் வாழ்வின் முக்கியமான திருப்பமாகப் பதிவு செய்துள்ளார். எட்டாம் வகுப்போடு அவருடைய பள்ளிக் கல்வி நின்றுபோயிற்று. அந்த ஆசிரியர் தீய எண்ணம் கொண்டவராகச் சித்திரிக்கப்படவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மாணவனின் மதிப்பெண்ணைக் கண்ட அவருடைய கண்ணுக்கு, அம்மாணவனின் எதிர்காலம் மட்டும் தெரியவில்லை.

இத்தகைய பார்வைக் குறை தனிமனிதரோடு முடிந்துவிடுவதன்று என்பதை ஃபுளோரிடா மாநிலத்தின் புரோவர்டு மாவட்டத்தில் நடைபெற்ற ஓர் ஏற்பாடு மெய்ப்பித்தது. அமெரிக்கப் பள்ளிகளில் மீத்திறன் கொண்ட சிறாருக்குத் தனி வகுப்புகள் உண்டு. பிற்காலத்தில் சிறந்த பள்ளிகளையும் கல்லூரிகளையும் அடைவதற்கு இவ்வகுப்புகள் முதற்படியாக அமைகின்றன. ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளுக்கு மட்டுமே இவ்வகுப்புக்கான தேர்வு நடத்துவது அங்கு வழக்கமாக இருந்தது. 2005ஆம் ஆண்டு முதல் அம்மாவட்டம் இரண்டாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் மொழி சாராத ஒரு திறனறி தேர்வை நடத்தலாயிற்று. பொருளியலறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதன் விளைவை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மீத்திறன் வகுப்புகளில் இடம்பெற்ற கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 80 விழுக்காடும், இலத்தீன் அமெரிக்க வழிக் குழந்தைகளின் விகிதம் 130 விழுக்காடும் உயர்ந்திருந்தன. தகுதி வரம்பு இதற்காகத் தளர்த்தப்படவில்லை. அதே வரம்பை எட்டக்கூடிய குழந்தைகள் முன்பும் அதே பெஞ்சுகளில்தான் அமர்ந்திருந்தனர். அவர்களை எவரும் பரிந்துரைக்கவில்லை, அவ்வளவே. நிதி நெருக்கடியால் இவ்வேற்பாடு கைவிடப்பட்டபோது பழைய நிலையே திரும்பியது என்பது இப்பாடத்தின் கசப்பான பிற்பகுதியாகும்.

ஆயத்தப்படுத்துதல்

கண்டறிந்தால் மட்டும் போதாது. வசதி குறைந்த பள்ளியில் முதலாவதாக நிற்கும் மாணவன், சிறந்த பள்ளியின் பாடத்திட்டத்தை எதிர்கொள்ளும்போது தடுமாறுவது இயல்பு. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்த அமைப்புகளுள் மூத்தது 'எ பெட்டர் சான்ஸ்' ஆகும். தனியார் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சிலர் ஒன்றிணைந்து 1963ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். நகர்ப்புறக் குடியிருப்புகளிலிருந்து திறமை மிக்க வெள்ளையரல்லாத மாணவரைத் தேர்ந்து, கோடை விடுமுறையில் பயிற்சியளித்து, புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகளில் உதவித்தொகையுடன் சேர்ப்பது அவர்களின் வழிமுறை. சிகாகோ நகரின் வறிய தென்பகுதியில் வளர்ந்த டெவால் பேட்ரிக் இவ்வாறு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்டன் பள்ளிக்குச் சென்று, பின்னர் ஹார்வர்டில் பயின்று, 2007 முதல் 2015 வரை அம்மாநிலத்தின் ஆளுநராகப் பதவி வகித்தார். அம்மாநில வரலாற்றில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதிப் பள்ளியாசிரியராக இருந்த கேரி சைமன்ஸ், 1978ஆம் ஆண்டில் 'ப்ரெப் ஃபார் ப்ரெப்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். இதில் தேர்வு பெறும் சிறுவர் சிறுமியர் இரண்டு கோடை விடுமுறைகளையும், இடைப்பட்ட கல்வியாண்டின் சனிக்கிழமைகளையும், வாரத்தில் ஒரு நாள் மாலைப் பொழுதையும் படிப்புக்கென ஒதுக்கவேண்டும். ஏறக்குறைய 14 மாதங்கள் நீளும் இப்பயிற்சியை முடித்தவர்களே தனியார் பள்ளிகளில் சேர்க்கப்படுகின்றனர். இவ்வமைப்புகள் மாணவரிடம் சலுகை மனப்பான்மையை வளர்க்கின்றன என்போர் இக்கால அட்டவணையை ஒருமுறை நோக்குதல் நலம். ஒத்த வயதுடைய பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் இவர்கள் இலக்கியமும் கணிதமும் பயில்கின்றனர்.

விண்ணப்பிக்கச் செய்தல்

மூன்றாம் கட்டத்தில் திறமை தொலைந்துபோகும் விதம் பலருக்கு வியப்பளிக்கும். கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி ஆகிய இரு பொருளியலறிஞர்கள் நடத்திய ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற வறிய மாணவருள் பெரும்பாலோர் தெரிவுத்தரம் மிக்க கல்லூரி எதற்குமே விண்ணப்பிப்பதில்லை என்று அது கண்டறிந்தது. இத்தனைக்கும், உதவித்தொகை மிகுதியாக வழங்கும் செல்வ வளமிக்க பல்கலைக்கழகங்களில் படிப்பது, அருகிலுள்ள சாதாரணக் கல்லூரியில் படிப்பதைவிட அவர்களுக்குச் செலவு குறைந்ததாகவே இருந்திருக்கும். அறிவித்த கட்டணத்தின் பெருந்தொகையைக் கண்டே அக்குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டில் இதற்கு எளியதொரு மருந்தைச் சோதித்தது. 2006ஆம் ஆண்டில் அம்மாநில வாக்காளர் ஏற்ற சட்டத்தின்படி, அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ள இயலாது. எனவே வருவாயை அடிப்படையாகக் கொண்டு, திறமை மிக்க வறிய மாணவருக்கு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்னும் உறுதிமொழி அதில் இருந்தது. சூசன் டைனார்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டறிந்தபடி, கடிதம் பெறாதோருள் 26 விழுக்காட்டினர் விண்ணப்பிக்க, பெற்றோருள் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தனர். சேர்ந்தோர் விகிதம் 12 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காடாக உயர்ந்தது. இம்மாணவருள் பெரும்பாலோர் முன்பிருந்த விதிகளின்படியும் ஏறத்தாழ அதே உதவியைப் பெறத் தகுதியுடையோரே. படிவங்களை நிரப்பிய பின்னர் தெரியவரும் உதவிக்கும், முன்கூட்டியே பெயரிட்டு வரும் வாக்குறுதிக்கும் இடையிலுள்ள வேறுபாடே இத்தகைய மாற்றத்தை விளைவித்தது.

ஸ்வெட் வாதாடிய அதே டெக்ஸாஸ் மாநிலம் மற்றொரு வழியைக் கண்டது. 1996ஆம் ஆண்டில் கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை அங்குத் தடை செய்தது. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியாயினும் அதன் முதல் 10 விழுக்காட்டு மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டம் இயற்றியது. ஆஸ்டின் நகரிலுள்ள தலைமைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இவ்வரம்பு பின்னாளில் படிப்படியாகச் சுருக்கப்பட்டது. இத்திட்டத்தின் வெற்றியில் ஒரு முரண் பொதிந்துள்ளது. குடியிருப்புகளும் பள்ளிகளும் இன அடிப்படையில் இன்னமும் பிரிந்து கிடப்பதாலேயே, ஒவ்வொரு பள்ளியின் முதல் மாணவரையும் எடுக்கும்போது எல்லா இனத்தவரும் கிடைக்கின்றனர். எனினும் இதனால் பயனடைந்தோர் பட்டம் பெறுவதிலும் பின்னர் ஈட்டும் வருவாயிலும் முன்னேறினர் என்றும், இடம் இழந்தோர் குறிப்பிடத்தக்க இழப்பை அடையவில்லை என்றும் சாண்ட்ரா பிளாக், ஜெஃப்ரி டென்னிங், ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் ஆகியோரின் ஆய்வு காட்டுகிறது. தகுதிக்கு மீறிய இடத்தில் அமர்த்தப்படுவோர் தோற்றுப்போவர் என்னும் வாதத்துக்கு இது தக்க மறுமொழியாகும்.

நிலைக்கச் செய்தல்

சேர்க்கை பெற்ற மாணவன் முதலாண்டிலேயே வெளியேறிவிட்டால் முந்தைய முயற்சிகள் அனைத்தும் வீணாகும். தோழர் குழாம் தன்னுடன் இருந்திருந்தால் படிப்பை விட்டிருக்கமாட்டேன் என்று ஒரு மாணவர் கூறிய சொல்லிலிருந்தே 'பாஸி' என்னும் அமைப்பை 1989ஆம் ஆண்டில் டெபோரா பியல் உருவாக்கினார். அப்பெயரின் பொருளும் தோழர் குழாம் என்பதே. ஒரே நகரைச் சார்ந்த ஏறக்குறைய பத்து மாணவரை ஒன்றாகத் தேர்ந்து, பல மாதங்கள் ஒன்றாகப் பயிற்றுவித்து, ஒரே கல்லூரிக்கு ஒன்றாக அனுப்புவது அதன் முறை. தம் மாணவருள் சுமார் 90 விழுக்காட்டினர் பட்டம் பெறுவதாக அவ்வமைப்பு தெரிவிக்கிறது.

மேரிலாண்டு பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில், கணித அறிஞரும் கல்வியாளருமான ஃப்ரீமன் ரபாவ்ஸ்கி, ராபர்ட் மேயர்ஹாஃப் என்னும் கொடையாளரின் துணையுடன் 1988ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமும் இவ்வகையைச் சார்ந்ததே. அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டம் நோக்கிச் செல்லும் கறுப்பின மாணவரை உருவாக்குவது அதன் தொடக்ககால இலக்கு. கூட்டாகப் படிப்பது, பின்தங்கியவனை முந்தியவன் கைதூக்கிவிடுவது, ஆசிரியர் உயர்ந்த எதிர்பார்ப்பைக் கைவிடாதிருப்பது ஆகியவை அதன் அடிப்படைகள். இத்திட்டத்தின் வழிவந்த கிஸ்மெக்கியா கார்பெட், கோவிட் தொற்றுக்கெதிரான மாடெர்னா தடுப்பூசிக்கு அடித்தளமிட்ட அரசு ஆய்வுக் குழுவின் முன்னணி அறிவியலாளர்களுள் ஒருவராக விளங்கினார். ஒரு திறமை கண்டறியப்படுவதால் பயனடைவோர் அவருடைய இனத்தார் மட்டுமல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீதிமன்றமும் சேர்க்கையும்

நம் நாட்டு இடஒதுக்கீட்டு முறையைக் கொண்டு அமெரிக்கச் சூழலை விளங்கிக்கொள்ள முயல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கு இன அடிப்படையில் இடங்களை ஒதுக்குவது 1978ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களுள் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டில் தள்ளுபடி செய்தது. பல காரணிகளுள் ஒன்றாக இனத்தைக் கருதலாம் என்று மட்டும் இசைந்தது. 2003ஆம் ஆண்டில் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கிலும் இந்நிலை உறுதிசெய்யப்பட்டது.

2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இவ்வாயிலும் மூடப்பட்டது. ஹார்வர்டு, வட கரோலினா ஆகிய பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகளில், சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறை அரசியல் சாசனத்துக்கும் சட்டத்துக்கும் முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனம் தம் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்பதை விண்ணப்பதாரர் தம் கட்டுரையில் எழுதுவதற்கு மட்டும் தடையில்லை என்றது. மறு ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தோருள் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டினரே. முந்தைய ஆண்டுகளின் சராசரி 13 விழுக்காடாகும்.

நிறத்தைப் பாராத நுழைவாயில் நடுநிலையானது என்று இதனால் கொள்ளமுடியுமா? தமிழ்ப் பின்னணி கொண்ட பொருளியலறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய கூட்டாய்வாளர்களும் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட, நாட்டின் முதல் ஒரு விழுக்காட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மிகச் சிறந்த தனியார் பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் முன்னுரிமை இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. இனத்தைக் கருதுவதைத் தடுத்த தீர்ப்பு, பரம்பரையைக் கருதுவதைத் தடுக்கவில்லை.

எழும் மறுப்புகள்

இம்முயற்சிகளைப் பற்றிய மறுப்புகளையும் நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். முதலாவது, நிறமுடைய மக்கள் அனைவரின் நலனும் ஒன்றல்ல. நியூயார்க் நகரின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரேயொரு தேர்வின் மூலமே சேர்க்கை நடைபெறுகிறது. அவற்றுள் தலையாய ஸ்டைவெசன்ட் பள்ளி 2019ஆம் ஆண்டில் வழங்கிய 895 இடங்களுள் கறுப்பின மாணவர் பெற்றவை 7 மட்டுமே. அதே வேளையில், இப்பள்ளிகளின் இடங்களுள் பாதியளவைப் பெறுவோர் ஆசிய வழியினர். அவர்களுள் குறைந்த வருவாயுடைய குடியேறிகளின் பிள்ளைகள் பலர். வங்காளதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தினரும் அவர்களுள் அடங்குவர். தேர்வை ஒழித்தால், வயிற்றைக் கட்டிப் பயிற்சிக் கட்டணம் செலுத்திய அப்பெற்றோருக்கு இழைக்கப்படும் அநீதியாகாதா என்னும் வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் தேர்வுக்கு முந்தைய ஆயத்தம் எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டுமாறு செய்வதற்கு எவருடைய இடத்தையும் பறிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பத்துப் பேரைத் தேர்ந்து உயர்ந்த பள்ளிக்கு அனுப்பும்போது, எஞ்சியுள்ள நூறு பேரின் பள்ளி அப்படியே கிடக்கிறதே என்பது. இது மெய்யே. தனியார் அறக்கொடையால் இயங்கும் அமைப்புகள் ஏணிகளைத்தான் தரமுடியும்; பள்ளிகளைச் செப்பனிடும் பொறுப்பு அரசையே சாரும். சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை 1996ஆம் ஆண்டிலேயே கைவிட நேர்ந்த கலிஃபோர்னியா மாநிலத்தின் பல்கலைக்கழகம், மாணவரைத் தேடிச்செல்லும் பணிகளுக்கு 2004 முதல் 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாகவும், அவ்வாறு செய்தும் தன் இலக்கை முழுமையாக எட்ட இயலவில்லை என்றும் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. தேடுதல் இன்றியமையாதது; ஆயினும் அது ஒன்றே போதுமானது என்று எவரும் மயங்கலாகாது.

எஞ்சியிருக்கும் வழி

2023ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னர், கல்லூரி வாயிலில் கடைசி நேரத்தில் செய்துவந்த சரிக்கட்டலுக்கு இடமில்லாமற் போயிற்று. எனவே பணி முற்பட்ட ஆண்டுகளுக்கு நகர்ந்துள்ளது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவரையும் சோதித்துப் பார்ப்பதும், வறிய வீட்டின் அஞ்சல் பெட்டிக்கு வாக்குறுதிக் கடிதம் அனுப்புவதும், தோழர் குழாமாகச் சேர்த்துவிடுவதும் எந்தச் சட்டத்தாலும் தடுக்கப்படவில்லை. அவற்றுக்கு வேண்டுவன நிதியும் விடாமுயற்சியுமே. நிதி நின்றவுடன் திறமையும் கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்பதைப் புரோவர்டு மாவட்டம் காட்டியிருக்கிறது.

ஆசிரியராய் இருப்போர்க்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட ஒரு பாடமும் உண்டு. பட்டியலில் எழுதப்படாத பெயரைப் பற்றி எவரும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதில்லை. விடுபட்ட மாணவனும் முறையிடுவதில்லை, ஏனெனில் தான் விடுபட்டதையே அவன் அறியான். வகுப்பறையில் பரிந்துரைப் பட்டியல் தயாரிக்கும்போது, எழுதிய பெயர்களைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், எழுதாமல் விட்ட பெயர்களை மற்றொரு முறை நோக்குவது நம் பொறுப்பாகும்.